பேரனுக்குக் ‘கிளே’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் வசிக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். அடுத்த மாதம் பிரசவம். ஆண் குழந்தை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் தாத்தா பெயரான ‘கிளே’ என்பதையே குழந்தைக்கு வைக்கப்போவதாக மகள் சொல்கிறாள். அகராதியைப் புரட்டினால் ‘களிமண்’ என்று போட்டிருக்கிறது. நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பாடம் ஏறாத பிள்ளைகளை ‘தலையில் என்ன களிமண்ணா?’ என்று கேட்பதுதான் நம் ஊர் வழக்கம். அதையே பேரனுக்குப் பெயராகச் சூட்டினால் உறவினர்கள் சிரிக்க மாட்டார்களா? இந்தப் பெயருக்குப் பின்னணி ஏதாவது உண்டா? மகளிடம் வேண்டாம் என்று சொல்லட்டுமா?
– தஞ்சாவூர் வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

வேண்டாம் என்று சொல்லாதீர்கள். பொருளை வைத்து மறுக்க வேண்டிய பெயர் இல்லை இது. ஆனால் இந்தப் பெயருக்குக் கென்டக்கி மண்ணில் பெரிய கதை ஒன்று இருக்கிறது. அதை உங்கள் மகள் தெரிந்துகொண்டு வைப்பது நல்லது. ஆங்கில மொழி வரலாற்றைக் கற்பிப்பது என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அகராதி சொல்வது சரி. ‘கிளே’ என்றால் களிமண்தான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே ‘கிளேக்’ என்பது போன்ற வடிவில் இந்தச் சொல் இருந்தது. டச்சு மொழியிலும் ஜெர்மன் மொழியிலும் இதற்கு உடன்பிறந்த சொற்கள் இருக்கின்றன. ஒட்டும் தன்மையைக் குறிக்கும் மிகப் பழைய வேர் ஒன்றிலிருந்து பிறந்தது இது. பசையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து, லத்தீன் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததுதான்.

உங்களை உறுத்துவது அந்தத் ‘தலையில் களிமண்’ என்ற வசைதான். அது நம் வழக்கு. ஆங்கிலத்தில் புத்தி மந்தமானவரைத் திட்ட மரத்தைத்தான் துணைக்கு அழைப்பார்கள். மரக்கட்டைத் தலை, பலகை போலத் தடித்த புத்தி என்றெல்லாம் சொல்வார்கள். களிமண்ணை இன்றைய வழக்கில் அதற்குப் பயன்படுத்துவதில்லை. மதிப்புக் குறைவான பொருளில் அது வருவது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். பெரிய மனிதர் ஒருவரிடம் மறைந்திருக்கும் பலவீனத்தைக் ‘களிமண் பாதங்கள்’ என்பார்கள். பைபிளில் தானியேல் விவரிக்கும் சிலையிலிருந்து வந்தது அது: தலை பொன், மார்பு வெள்ளி, பாதங்கள் பாதி இரும்பும் பாதி களிமண்ணும். அதே பைபிளில்தான் ‘நாங்கள் களிமண், நீர் எங்களை உருவாக்குகிறவர்’ என்று ஏசாயா மன்றாடுவதும் இருக்கிறது. 1611-ல் ஜேம்ஸ் மன்னர் காலத்து ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தபின், தலைமுறை தலைமுறையாக இந்த வரிகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் களிமண் என்றால் மனித உடல், படைத்தவன் கைபட்ட பொருள் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. ஆதாம் என்ற பெயரையே எபிரேய மொழியில் நிலத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சிரிப்பதில்லை.

இனி, மண்ணே எப்படிப் பெயரானது என்பதற்கு வருகிறேன். இங்கிலாந்தில் களிமண் நிலம் என்றால் உழவனின் உடம்பை முறிக்கும் நிலம். மழைக்காலத்தில் காலணியைப் பிடித்துக்கொண்டு விடாது. கோடையில் கட்டாந்தரையாகி வெடிப்பு விடும். இலையுதிர் காலத்திலேயே உழுது, பெரிய பெரிய கட்டிகளாகப் புரட்டிப் போட்டுவிடுவார்கள். குளிர்காலத்து உறைபனி அந்தக் கட்டிகளுக்குள் புகுந்து அவற்றைப் பொலபொலவென்று உதிர்த்துவிடும். அதன் பிறகுதான் நிலம் வசத்துக்கு வரும். இவ்வளவு பாடுபடுத்தினாலும் கொடுப்பதில் கஞ்சத்தனம் இல்லாத மண் அது. நீரையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கோதுமையும் மொச்சை வகைகளும் நன்றாக விளையும். ஓக் மரம் ஓங்கி வளரும். காவிரிப் பாசனத்து ஊரில் இருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீர் நிறுத்தி நெல் நட வேண்டுமென்றால் களிப்பு இல்லாத மண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதிச் சாலைகள் இந்த மண்ணால் பேர்போனவை. 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் பயணம் போன எழுத்தாளர் ஒருவர், வசதியான குடும்பத்து மூதாட்டி ஒருவர் ஆறு எருதுகள் பூட்டிய கோச்சு வண்டியில் தேவாலயத்துக்குப் போனதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஆடம்பரத்துக்காக அல்ல. அந்தச் சேற்றில் குதிரைகளால் இழுக்க முடியாது என்பதற்காக.

தென்மேற்கே டெவன் மாவட்டத்துக்குப் போனால், அதே மண் வீடாக நிற்பதைப் பார்க்கலாம். களிப்பான அடிமண்ணில் வைக்கோலையும் தண்ணீரையும் சேர்த்துக் காலால் மிதித்துக் குழைப்பார்கள். அச்சு எதுவும் இல்லாமல், கவைக்கோலால் அள்ளி வைத்து, இரண்டடி அகலச் சுவராக எழுப்புவார்கள். ஒரு படை வைத்தபின் அது இறுகும்வரை காத்திருந்து அடுத்த படை. நம் கிராமங்களில் மண்சுவர் வைத்தவர்களுக்கு இந்த வேலை அந்நியமாகத் தெரியாது. ‘நல்ல தொப்பியும் நல்ல காலணியும் கொடுத்துவிடு, சுவர் என்றைக்கும் நிற்கும்’ என்பது அந்த ஊர்ச் சொலவடை. தொப்பி என்பது சுவரைத் தாண்டி இறங்கும் கூரை. காலணி என்பது அடியில் வைக்கும் கல் அடித்தளம். மேலிருந்தும் கீழிருந்தும் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்ட வீடுகள் பல நூற்றாண்டு கடந்து இன்றும் குடியிருப்பாக இருக்கின்றன.

இப்படி வாழ்க்கையோடு ஒட்டிய மண் ஊர்ப்பெயர்களில் ஏறாமல் இருக்குமா? நார்ஃபக் கடற்கரையில் ‘கிளே’ என்றே ஓர் ஊர் இருக்கிறது, ஒருகாலத்தில் துறைமுகம். லண்டனுக்குத் தென்மேற்கே ‘கிளேகேட்’, அதாவது களிமண் நிலத்தின் வாயில். எல்லாவற்றிலும் அதிகமாகப் பரவியது ‘கிளேட்டன்’. லங்காஷையர், யார்க்‌ஷையர், ஸ்டாஃபோர்ட்ஷையர், சசெக்ஸ் என்று பல மாவட்டங்களில் இந்தப் பெயரில் ஊர்கள் உண்டு. களிமண் நிலத்துப் பண்ணை, களிமண் நிலத்துக் குடியிருப்பு என்பது பொருள். 1086-ல் முதலாம் வில்லியம் மன்னர் எடுக்கச் செய்த நிலக் கணக்கெடுப்பிலேயே கிளேட்டன்கள் பதிவாகியிருக்கின்றன.

அடுத்த இரண்டு மூன்று நூற்றாண்டுகளில் குடும்பப் பெயர்கள் நிலைபெற்றபோது, களிமண் பகுதியில் குடியிருந்தவர் ‘கிளே’ ஆனார். கிளேட்டனிலிருந்து வந்தவர் ‘கிளேட்டன்’ ஆனார். எனவே அந்தப் பெயர் ஆளைக் களிமண் என்று சொல்லவில்லை. இன்ன நிலத்துக்காரர் என்று அடையாளம் சொன்னது, அவ்வளவுதான். நம் பக்கம் பெயருக்கு முன்னால் ஊரைச் சேர்த்துக்கொள்கிறோமே, அதே வேலை.

குடும்பப் பெயராக இருந்தது முதற்பெயராக மாறியதில்தான் உங்கள் மாப்பிள்ளையின் ஊர் வருகிறது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கும் வழக்கம் இங்கிலாந்தின் மேல்குடியினரிடம் 16-ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டியது. அமெரிக்காவில் அதோடு இன்னொன்றும் சேர்ந்தது: அரசியல் தலைவர்களின் பெயரைக் குழந்தைக்கு வைப்பது. அப்படிப் புகழ்பெற்றவர்தான் ஹென்றி கிளே.

1777-ல் வர்ஜீனியாவில் பிறந்த ஹென்றி கிளே, 1797-ல் கென்டக்கியின் லெக்சிங்டன் நகருக்கு வந்து வக்கீல் தொழில் தொடங்கினார். பிறகு நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர், செனட்டர், வெளியுறவு அமைச்சர். குடியரசுத் தலைவர் தேர்தலில் 1824, 1832, 1844 என மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றார். ஆனாலும் செல்வாக்கு குறையவில்லை. வடக்கும் தெற்கும் அடிமை முறையை வைத்துப் பிளவுபடப் பார்த்தபோதெல்லாம் ஏதாவது ஓர் உடன்பாட்டைக் கொண்டுவந்தவர் என்பதால் ‘மாபெரும் சமரசக்காரர்’ என்று பெயர் எடுத்தார். ஆபிரகாம் லிங்கனுக்கு அவர்மேல் பெரும் மதிப்பு. 1852-ல் கிளே இறந்தபோது லிங்கன் இரங்கல் உரை ஆற்றினார். நாடெங்கும் பெற்றோர் தங்கள் மகன்களுக்கு ‘ஹென்றி கிளே’ என்று சேர்த்தே பெயரிட்டார்கள். 1849-ல் பிறந்த எஃகுத் தொழிலதிபர் ஹென்றி கிளே ஃபிரிக் அப்படிப்பட்டவர். வாஷிங்டனில் ஷேக்ஸ்பியருக்கென்று புகழ்பெற்ற நூலகத்தை உருவாக்கிய, 1857-ல் பிறந்த ஹென்றி கிளே ஃபோல்ஜரும் அப்படியே. இந்தப் பழக்கத்தில்தான் ‘கிளே’ என்பது தனியாகக் கழன்று, ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயராக ஊன்றிக்கொண்டது. உங்கள் மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு இந்தப் பெயர் வந்ததும் பெரும்பாலும் இந்த வழியில்தான் இருக்கும். அவருடைய பெற்றோர் மண்ணை நினைத்திருக்க வாய்ப்பில்லை.

பெருமைக்குரிய பக்கத்தைச் சொன்னேன். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சமரசம் பேசிய ஹென்றி கிளேயின் தோட்டத்திலும் அடிமைகள் உழைத்தார்கள். அவர் வீட்டில் அடிமையாக இருந்த சார்லட் டுபுய் என்ற பெண், 1829-ல் வாஷிங்டனில் வழக்கறிஞர் வைத்து, தன்னையும் தன் பிள்ளைகளையும் விடுவிக்கும்படி அவர்மீதே வழக்குத் தொடுத்தார். அந்தப் பெண்ணின் துணிச்சலை எண்ணிப் பாருங்கள். வழக்கில் தோற்றார். 1840-ல்தான் ஹென்றி கிளே அவருக்கு விடுதலைப் பத்திரம் கொடுத்தார்.

இந்தப் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது இன்னொருவரால். 1942-ல் கென்டக்கியின் லூயிவில் நகரில் பிறந்த கருப்பினக் குழந்தை ஒன்றுக்கு கேஷியஸ் மார்செலஸ் கிளே என்று பெயர் வைத்தார்கள். அது விளம்பரப் பலகைகள் எழுதும் ஓவியரான தந்தையின் பெயர். தந்தைக்கு அந்தப் பெயர் வந்ததோ, 1810-ல் பிறந்த வெள்ளையர் ஒருவரிடமிருந்து. ஹென்றி கிளேயின் உறவினரான அந்த கேஷியஸ் கிளே, அடிமைகளை வைத்திருந்த பெரும் பணக்காரரின் மகன். ஆனால் அடிமை முறைக்கு எதிராகக் கிளம்பியவர். 1845-ல் லெக்சிங்டனில் அதற்காகவே பத்திரிகை நடத்தினார். எதிரிகள் வந்து அடித்து நொறுக்குவார்கள் என்று அலுவலகத்தில் இரண்டு சிறு பீரங்கிகளை நிறுத்தி வைத்தார். கடைசியில் அவர் காய்ச்சலில் படுத்திருந்த சமயம் பார்த்து அச்சு இயந்திரத்தைப் பிடுங்கி ஆற்றுக்கு அக்கரையிலுள்ள சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். கருப்பின மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தது நன்றியுணர்ச்சியால்தான்.

லூயிவில் சிறுவன் குத்துச்சண்டை வீரனாக வளர்ந்தான். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம். 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வீழ்த்தி உலக சாம்பியன். அடுத்த சில நாள்களில் அந்தப் பெயரையே உதறிவிட்டு முகமது அலி ஆனார். கேஷியஸ் கிளே என்பது அடிமைப் பெயர், அதை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்றார். ஒரு நல்ல மனிதரின் பெயராக இருந்தாலும், தன் முன்னோரை உடைமையாக வைத்திருந்த இனத்தவரின் பெயர்தானே என்பது அவர் கேள்வி. பத்திரிகைகள் பல ஆண்டுகள் பிடிவாதமாகப் பழைய பெயரையே எழுதின. 1967-ல் எர்னி டெரல் என்ற வீரர் அலியைக் ‘கிளே’ என்றே அழைத்துவந்தார். ஹூஸ்டனில் நடந்த பதினைந்து சுற்றுப் போட்டியில் அலி அவரைக் குத்திக்கொண்டே, ‘என் பெயர் என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அதே ஆண்டு ராணுவத்தில் சேர்க்கும் இடத்தில் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது ஓர் அடிகூட முன்னே வைக்கவில்லை. வியட்நாம் போருக்குப் போக மறுத்த அந்த வழக்கில் 1971-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வேதனை என்னவென்றால், அந்தத் தீர்ப்பு இன்றும் சட்ட நூல்களில் ‘கிளே எதிர் அமெரிக்கா’ என்றுதான் இருக்கிறது. லூயிவில் மட்டும் பிற்பாடு தன் கடனைத் தீர்த்துக்கொண்டது. நகரின் முக்கியச் சாலை ஒன்றுக்கு 1978-லும் விமான நிலையத்துக்கு 2019-லும் முகமது அலி பெயரைச் சூட்டியது.

இதையெல்லாம் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, அம்மா. அலி மறுத்தது களிமண் என்ற பொருளை அல்ல. தன்மீது சுமத்தப்பட்ட வரலாற்றை. உங்கள் பேரனுக்கு அது சொந்தக் கொள்ளுத்தாத்தா உயிரோடு சுமந்த பெயர். ஆனால் அந்த மாநிலத்தில் வளரப்போகிற பையன், பள்ளியில் அலியைப் பற்றிப் படிக்கும் நாள் வரும். அன்று வீட்டில் வந்து கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த தாயாக உங்கள் மகள் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உறவினர்களுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். நம்மிடம் மண் பெயர்கள் இல்லையா? கடலூர், விழுப்புரம் பக்கத்தில் மண்ணாங்கட்டி என்ற பெயருள்ள பெரியவர்களை நான் அறிவேன். குப்பன், குப்பம்மாள் என்ற பெயர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், இந்தப் பிள்ளையாவது எமன் கண்ணில் படாமல் தங்க வேண்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து வைத்த பெயர்கள் அவை. அதைவிடப் பாசமான பெயர் எது? ஆவணி மாதத்தில் களிமண்ணால் பிள்ளையார் பிடித்துத்தானே அருகம்புல் சாத்துகிறோம்? சிரிக்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பாதிப் பேர் வீட்டிலேயே ஒரு குப்புசாமி இருப்பார்.

இனிச் செய்ய வேண்டியவை. தாத்தாவின் முழுப் பெயர் என்ன என்று மாப்பிள்ளையிடம் முதலில் கேட்கச் சொல்லுங்கள். ‘கிளே’ என்று அழைக்கப்படும் பலருக்குச் சான்றிதழில் ‘கிளேட்டன்’ என்றிருக்கும். சிலருக்கு ‘கிளெய்பார்ன்’ என்றிருக்கும். அதற்கும் களிமண்ணுக்கும் சம்பந்தமே இல்லை, வடமேற்கு இங்கிலாந்தில் ஓடை ஒன்றின் பெயரிலிருந்து வந்த ஊர்ப்பெயர் அது. தாத்தா பெயரைத்தான் வைக்கிறோம் என்றால் முழு வடிவத்தையே பதிவு செய்வது என் யோசனை. ‘கிளேட்டன்’ என்று பதிந்தால் வீட்டில் ‘கிளே’ என்று கூப்பிடலாம். வளர்ந்தபின் எது வேண்டும் என்பதை அவன் முடிவு செய்துகொள்வான்.

அமெரிக்காவில் நடுப்பெயர் வைக்கும் வழக்கம் உண்டு என்பது உங்களுக்கு ஒரு வசதி. முதற்பெயர் அவர்கள் வீட்டு முன்னோர் பெயர் என்றால், நடுப்பெயர் உங்கள் வீட்டு முன்னோர் பெயராக இருக்கட்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. உங்கள் கணவரின் தந்தை பெயரோ குலதெய்வத்தின் பெயரோ, எதுவானாலும் இரண்டு மூன்று அசைக்குள் இருப்பது நல்லது. பிறப்புச் சான்றிதழுக்கான படிவத்தைப் பெரும்பாலும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே நிரப்பச் சொல்வார்கள். அதனால் பிரசவத்துக்கு முன்பே இதைப் பேசி முடித்து, எழுத்துக்கூட்டலையும் ஒரு தாளில் எழுதி மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

தமிழில் எழுதும்போது ‘கிளே’ என்று எழுதினால் போதும். வீட்டில் சின்னப் பிள்ளைகளும் பாட்டிமார்களும் அதைக் ‘கிளை’ என்றுதான் அழைப்பார்கள், திருத்த வேண்டாம். ‘கேளும் கிளையும்’ என்று சுற்றத்தைச் சொல்லும் சொல் அது, பேரனுக்குப் பொருந்தும்.

அமெரிக்கா போனதும் சம்பந்தி வீட்டாருடன் உட்கார்ந்து அந்தத் தாத்தாவைப் பற்றிக் கேளுங்கள். எந்த ஊரில் பிறந்தார், என்ன வேலை செய்தார், அவருக்கு யார் இந்தப் பெயரை வைத்தது, யார் நினைவாக வைத்தது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பேரனுக்குப் பெயர் வந்த கதையை உறவினர்களிடம் அதை வைத்தே சொல்லலாம்.